எஃகும் வெண்கலமும்

ஆண்டின் கடைசி இரவில் திருத்தணி உறங்குவதில்லை. மலைமேலுள்ள முருகன் கோயிலுக்குச் செல்லும் படிகள் 365 என்பது ஊர்க்கணக்கு. ஆண்டின் நாள் ஒன்றுக்குப் படி ஒன்று. டிசம்பர் 31ஆம் நாள் பசனைக் குழுவினர் அடிவாரத்தில் கூடி, படிக்கொரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு ஏறுவர். ஆங்கிலேயர் ஆட்சியில் புத்தாண்டு நாளன்று வெள்ளை அதிகாரிகளின் வாசலில் மாலையோடு காத்துநின்ற நம் மக்களை வேறு வாசலுக்குத் திருப்பவே வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் இவ்விழாவைத் தொடங்கினார் என்பர்.

குருவான தொடக்க ஆண்டுகளில் நான் அப்பகுதியில் பணியாற்றினேன். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் பகுதி அது. மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது ஆந்திரத்தில் இருந்த திருத்தணி, ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் போன்றோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தமிழ் மாநிலத்தோடு இணைந்தது. கிளைப்பங்கில் புத்தாண்டு நள்ளிரவுத் திருப்பலி நிறைவேற்றச் செல்லும் வழியில், கூட்டத்தின் நடுவே என் வண்டி அடிவாரத்தில் நின்றுவிடும். பாடுவோரின் சொற்கள் அந்த இரைச்சலில் கரைந்துபோகும். மிருதங்க ஒலியும் மங்கிவிடும். ஆனால் ஜாலராவின் ஒலி மட்டும், இருட்டில் ஊசி கோப்பதுபோல, கூட்டத்தைத் துளைத்துக்கொண்டு வந்து சேரும். அந்த ஒலியை அன்று நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. எண்ணாமற் போனதன் கதையே இக்கட்டுரை.

அந்தக் கிளைப்பங்கில் ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய தந்தை தெருக்கூத்துக் குழுவில் தாளம் போட்டவர். மகனும் இளமையில் அதே தொழிலைச் செய்து, பிறகு கோவிலில் பாடற்குழுவினருக்குத் தாளம் போடுபவராக நிலைத்துவிட்டார். அவர் கையிலிருந்த தாளம் விந்தையானது. ஒன்று வெண்கலம், நாட்பட்ட பொன்னிறம். மற்றொன்று கறுத்த இரும்பு, கனமானது. இரண்டையும் இணைத்த கயிறு பலமுறை முடிச்சிடப்பட்டிருந்தது. இணையில் ஒன்று தொலைந்துபோக, வறுமையினால் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுகிறார் என்றே நான் கருதினேன். ஒருநாள், "ஐயா, புதுசா ஒரு ஜோடி வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "வேணாம் சாமி. ரெண்டும் ஒண்ணா இருந்தா அதுங்க பேசிக்காது. வேற வேறயா இருந்தாத்தான் பேசிக்கும்" என்றார். வறியவர் தம் வறுமையை மறைக்கச் சொல்லும் அழகிய சொல் என்று அதையும் எடுத்துக்கொண்டேன்.

அவ்வாண்டுத் திருவிழாவிற்கு இளைஞர்கள் நிதி திரட்டி ஒரு டிரம் செட் வாங்கினார்கள். நான் மகிழ்ந்து ஆசீர்வதித்தேன். அன்றைய வாசகம் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம். அன்பில்லாதவனின் பேச்சைத் திருத்தூதர் பவுல் (நம் முன்னோர் சின்னப்பர் என்று அழைத்தவர்) ஒலிக்கும் வெண்கலத்திற்கும் ஓசையிடும் தாளத்திற்கும் ஒப்பிடும் பகுதி. நான் மறையுரையைச் சுவையாக்க எண்ணி, நம் நாட்டு ஜாலராவை எடுத்துக்கொண்டேன். "பொருளில்லாமல் ஓசை மட்டும் எழுப்புவது தாளம், பிறருக்குத் துதிபாடுவோரை நாம் ஜால்ரா என்கிறோம் அல்லவா?" என்றேன். மக்கள் சிரித்தார்கள். பீடத்திற்கு அருகே, மடியில் தாளத்தை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த பெரியவரும் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. மறு ஞாயிறு அவர் திருப்பலிக்கு வந்தார், தாளத்தைக் கொண்டுவரவில்லை. அதற்குப் பிறகும் கொண்டுவரவில்லை. டிரம் செட் வந்துவிட்டதால் ஒதுங்கிக்கொண்டார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

சில ஆண்டுகள் கழித்து, வேறொரு பங்கில், நம் மக்களில் ஒருவருடைய மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்திற்கு அழைக்கப்பட்டேன். முன்வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். நட்டுவாங்கம் செய்த அம்மையாரின் கைகள் என் கண்ணுக்கு நேரே இருந்தன. வலக்கையில் எஃகு, இடக்கையில் வெண்கலம். ஒரு கணம் எனக்கு மூச்சு நின்றதுபோல் இருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் அவரை அணுகி, "அம்மா, இரண்டும் வேறு வேறு உலோகமாக இருக்கின்றனவே?" என்று கேட்டேன். "நட்டுவாங்கத் தாளம் அப்படித்தான் ஃபாதர். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது பசனை ஜாலரா" என்றார். வறுமை என்று நான் எண்ணியது ஒரு மரபு. சாக்கு என்று நான் எண்ணியது ஒரு கலைஞரின் அறிவு.

அன்றிலிருந்து இக்கருவியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். கற்றவற்றுள் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது, நான் செலுத்த வேண்டிய ஒரு கடன்.

தாளம் தமிழருக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தர் தம் பைகளில் கட்டிச் சுமந்து செல்லும் கருவிகளுள் 'பாண்டில்' என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. பாண்டில் என்பது கஞ்சதாளம். கஞ்சம் என்றாலே வெண்கலம். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம் பிறக்கும். சிலை வார்க்க வெள்ளீயம் சிறிதளவே போதும். ஒலிக்கும் கலத்திற்கோ நூற்றுக்கு ஏறத்தாழ 22 பங்கு வரை வேண்டும். அந்த அளவில் வார்க்கப்பட்ட உலோகம் ஆறியதும் கண்ணாடிபோல் உடையக்கூடியது. அதைச் செந்தணலில் காய்ச்சி, சூட்டிலேயே அடித்துப் பரப்பி, சட்டென்று நீரில் தோய்த்தால், உடையும் தன்மை குறைந்து உறுதி பெறும். நீரில் தோய்த்தால் எஃகு விறைத்து எளிதில் முறியும். இந்த வெண்கலமோ முறியாமை பெறுகிறது. வெள்ளீயம் மிகுந்த இத்தகைய வெண்கலக் கலங்கள் ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டிலும் நீலகிரியின் பழங்கால ஈமக் குழிகளிலும் கிடைத்துள்ளன. இக்கைத்திறனின் தொன்மைக்கு அவை சான்று.

தாளத்தைப் பற்றித் தமிழில் வழங்கும் கதைகளுள் மிகவும் பொருள்பொதிந்தது, சீர்காழிக்கு அருகிலுள்ள திருக்கோலக்காவில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறுவது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஞானசம்பந்தர் சிறு குழந்தையாகக் கைகொட்டிப் பாடிவர, பிஞ்சுக் கை நோகுமே என்று இறைவன் பொற்றாளம் அளித்தாராம். ஆனால் பொன் மென்மையான உலோகம். மதிப்பு உண்டு, நாதம் இல்லை. எனவே அத்தாளத்திற்கு அம்மை ஓசையைக் கொடுத்தாள் என்பது தலபுராணம். அங்குள்ள இறைவியின் பெயரே 'ஓசை கொடுத்த நாயகி'. சைவ அன்பர்கள் போற்றும் இக்கதையை நான் படித்தபோது, கொடையாளி ஒருவர், ஒலி தருபவர் வேறொருவர் என்ற நுட்பம் என்னைத் தொட்டது. விலையுயர்ந்த கருவியை வாங்கிவிடலாம்; அதற்கு ஓசை வருவது வேறொரு அருள்.

இனித் திருத்தணிக்கு வருவோம். திருவாரூரில் 1775ஆம் ஆண்டு பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையை இத்திருத்தணியில்தான் பாடினார் என்பது இசையுலகம் ஒருமுகமாகச் சொல்லும் செய்தி. முதியவர் ஒருவர் அவர் வாயில் கற்கண்டை இட்டு மறைந்ததாகவும், உடனே மாயாமாளவகௌளை இராகத்தில் 'ஸ்ரீநாதாதி' என்னும் கீர்த்தனை பிறந்ததாகவும் கூறுவர். 'குருகுக' என்ற முருகன் பெயரையே அவர் தம் முத்திரையாகக் கொண்டார்.

அதே தீட்சிதர் சென்னைக்கு அருகே மணலியில் தங்கியிருந்த காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையின் ஐரோப்பிய இசைக்குழுவைக் கேட்டு, அம்மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். நோட்டு சுரங்கள் என வழங்கும் அப்பாடல்கள் ஏறக்குறைய நாற்பது. ஐரோப்பியப் படைகளின் இசைக்குழுக்கள் துருக்கியரைப் பின்பற்றிப் பெரிய கைத்தாளங்களைச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. அயலார் ஒலியைச் செவிமூடாமல் கேட்ட செவி தீட்சிதருடையது.

அவரிடம் பயின்ற மாணவருள் நால்வர் உடன்பிறந்தோர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. தஞ்சை நால்வர் என்று புகழ்பெற்ற இவர்களே அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இன்றைய பரதநாட்டியக் கச்சேரிக்கு வடிவம் தந்தவர்கள். அவர்கள் பிறந்தது நட்டுவனார் குடும்பத்தில். நட்டுவனாரின் கையில் இருந்தது தாளம். திருத்தணியில் வாய் திறந்த இசை, ஒரு தலைமுறைக்குள் தாளம் பிடித்த கைகளில் போய்ச் சேர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நட்டுவாங்கத்தின் ஒலியைக் கூர்ந்து கேட்டால் பெரியவர் சொன்னது விளங்கும். பசனை ஜாலராவில் இரண்டும் ஒரே உலோகம், ஏறத்தாழ ஒரே சுருதி. இரண்டின் அதிர்வும் ஒன்றோடொன்று கலந்து, அலையலையாய் நெடுநேரம் மினுக்கும். கூடிப் பாடுவோரை ஒன்றாகக் கட்டுவதற்கு அந்த மினுக்கம் தகுந்தது. நாட்டியத்திற்கோ கூர்மை வேண்டும். கனத்த எஃகு தான் அதிகம் ஒலிப்பதில்லை. ஆனால் உறுதியாகத் தாக்கும். மெல்லிய வெண்கலம் அந்தத் தாக்குதலை வாங்கி நாதமாக்கும். விளிம்போடு விளிம்பு பட்டால் திறந்த ஓசை. முழுமையாய் மூடினால் அடங்கிய 'தத்' என்னும் சொல். ஆடுபவளின் பாதத்தில் பிறக்கும் சொற்கட்டு ஒவ்வொன்றையும் இவ்விரு உலோகங்களும் ஒரு நொடிகூடப் பிசகாமல் உச்சரிக்கின்றன. ஒன்று பேசுகிறது, மற்றது பதில் சொல்கிறது. பெரியவர் சொன்ன சொல் உவமையன்று, உண்மை.

ஆயினும் உலகம் தாளக்காரனை மதித்ததில்லை. நாகசுரக் குழுவில் தாளம் போடுவது பெரும்பாலும் கற்றுக்கொள்ள வந்த சிறுவனின் வேலை. பங்கு பிரிக்கும்போது அவனுக்குக் கடைசிப் பங்கு. உணவுக்கு அல்லாடுவதை நம் மக்கள் 'சோற்றுக்குத் தாளம் போடுதல்' என்கிறார்கள். முகத்துதிக்கு 'ஜால்ரா' என்று பெயர். நட்டுவனார்களின் நிலையும் இதைவிடப் பெரிதும் மேலாக இருந்ததில்லை. கோயில்களில் பெண்களை நேர்ந்துவிடும் வழக்கத்தைத் தடுத்துச் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டு சட்டம் வந்தது. ஒரு கொடுமை முடிவுற்றது நன்றே. ஆனால் அக்கலையைக் காத்த குடும்பங்கள் பல தம் பிழைப்பை இழக்க, கலை மட்டும் மதிப்புப் பெற்று மேடையேறியது. கலையை ஏற்றுக் கலைஞரை மறப்பது நம் சமூகத்தின் பழைய குற்றம். அதே குற்றத்தைச் சிறிய அளவில், ஓலைக் கொட்டகை போட்ட ஒரு கிளைப்பங்கில், நானும் செய்திருந்தேன்.

திருச்சபையின் வரலாறும் இவ்வகையில் சிந்திக்கத்தக்கது. பழைய ஏற்பாட்டில் தாளத்திற்கு உயர்ந்த இடம் உண்டு. உடன்படிக்கைப் பேழையைத் தாவீது எருசலேமுக்குக் கொண்டுவந்தபோது ஏமான், ஆசாபு, ஏத்தான் என்னும் பாடகர் தலைவர் மூவரும் வெண்கலத் தாளங்களை ஒலித்தனர் என்று குறிப்பேடு நூல் பதிவு செய்கிறது. தலைவர்கள் கையில்தான் தாளம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எபிரேய மொழியில் அதன் பெயர் 'மெட்சில்தாயிம்'; கண், கை போன்ற இரட்டைகளைக் குறிக்கும் இருமை எண்ணில் அமைந்த சொல் அது. தாளம் என்றாலே இரண்டு. ஒற்றைத் தாளம் என்று ஒன்று இல்லை. திருப்பாடல்கள் நூலின் இறுதிப் பாடலோ, எல்லாக் கருவிகளையும் அழைத்த பின் தாளத்தை இருமுறை அழைத்து, அதன்பிறகே உயிர்மூச்சுள்ள அனைத்தையும் அழைக்கிறது.

தொடக்க காலத் திருச்சபைத் தந்தையர் பலர் இசைக்கருவிகளை விரும்பவில்லை. வேற்றுத் தெய்வ விழாக்களிலும் களியாட்டங்களிலும் தாளமும் பறையும் ஒலித்ததே காரணம். அலெக்சாந்திரியா நகர் கிளமெந்து இதுபற்றிக் கடுமையாகவே எழுதினார். எனினும் கீழைத் திருச்சபைகள் சில தாளத்தைக் கைவிடவில்லை. எகிப்தின் கோப்து கிறித்தவர்கள் இன்றும் வழிபாட்டில் தாளம் ஒலிக்கின்றனர். ஆர்மேனியத் திருச்சபையின் வழிபாட்டிலும் அதற்கு இடமுண்டு. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்றது. புனிதப் பயன்பாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. அக்கதவு வழியே வந்து அமர்ந்திருந்தவரைத்தான் நான் ஒரு நகைச்சுவையால் எழுப்பி அனுப்பியிருந்தேன்.

அவருக்குப் பதிலாக வந்த டிரம் செட்டின் கதையும் வியப்பானது. அதில் மின்னும் பெரிய வெண்கலத் தட்டுகளின் வழி கான்ஸ்தாந்திநோபிளுக்குச் செல்கிறது. அவேதிஸ் என்னும் ஆர்மேனியக் கிறித்தவர் அங்கே 1623ஆம் ஆண்டில் தாளப் பட்டறை ஒன்றை நிறுவினார். 'சில்' என்றால் துருக்கியில் தாளம். 'சில்ட்ஜியன்' என்றால் தாளம் செய்பவரின் வழித்தோன்றல். அவர் கையாண்டது செம்பு 80, வெள்ளீயம் 20 என்னும் அளவை ஒட்டிய கலவை. நம் நாட்டு ஒலி வெண்கலத்திற்கு மிக நெருங்கியது. சுல்தானின் படை இசைக்கு அத்தாளங்கள் பயன்பட்டன. ஐரோப்பியர் அவ்வொலியைக் கேட்டு முதலில் அஞ்சினர், பின்பு விரும்பினர். மொசார்ட் 1782இல் மேடையேற்றிய ஓர் இசை நாடகத்திலும், ஹைடன் 1794இல் அரங்கேற்றிய படைச் சிம்பொனியிலும் அவை முழங்கின. 1929இல் அக்குடும்பத்தின் வழித்தோன்றல் அமெரிக்காவில் பட்டறை தொடங்க, ஜாஸ் இசையோடு அத்தட்டுகள் உலகெங்கும் பரவின. டிரம் செட்டில் காலால் மிதிக்க ஒன்றன்மேலொன்று மூடித் திறக்கும் இரு தட்டுகள் உண்டு. அதுவும் ஒரு தாள இணையே. கைக்குப் பதில் கால் என்பதே வேற்றுமை. பெரியவரை அனுப்பிவிட்டு நான் வரவேற்றது அவருடைய தூரத்து உறவினரைத்தான்!

மீண்டும் திருத்தூதரின் சொல்லுக்கு வருகிறேன். பவுல் தாளத்தை இகழவில்லை. 'ஓசையிடும்' என்று நாம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல், இறந்தவர் வீட்டின் ஓலத்தைக் குறிக்க மாற்கு நற்செய்தி யாயீரின் இல்லத்தில் பயன்படுத்தும் அதே வினை. பாட்டில்லாமல், கூட்டில்லாமல், தானே அலறும் தாளம் அது. மேலும், அவர் பிறரைச் சுட்டவில்லை. அன்பு இல்லையேல் 'நான்' அவ்வாறு ஆகிவிட்டேன் என்று தம்மையே சொல்லிக்கொள்கிறார். நானோ என்னை விட்டுவிட்டு, கருவியைச் சுட்டினேன். கருவியைச் சுட்டி, அதை மடியில் வைத்திருந்த மனிதரைப் புண்படுத்தினேன். அன்று அக்கோவிலில் அன்பில்லாமல் ஒலித்தது எது? ஒலிபெருக்கியில் முழங்கிய என் குரல்தான். தாளம் அமைதியாகத்தான் இருந்தது.

அரங்கேற்றம் முடிந்த மாதமே அவரைத் தேடிச் சென்றேன். அவர் இறைவனடி சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய மகள் என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். தாளத்தைப் பற்றிக் கேட்டேன். உள்ளே சென்று, துணியில் சுற்றிய அதை எடுத்து வந்தார். "சாமி, அப்பா கடைசி வரைக்கும் வீட்ல ஜெபம் பண்ணும்போது இதைத்தான் போடுவாரு. கோவிலுக்கு ஏன் எடுத்துட்டுப் போறதில்லைன்னு கேட்டா, 'அங்க இப்ப வேற ஆளு இருக்காங்க'ன்னு சொல்லிடுவாரு" என்றார். தந்தை என்னைப்பற்றிக் குறையாக ஏதும் சொன்னாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

தாளத்தை என் கையில் வாங்கினேன். வெண்கலத்தை மட்டும் விரலால் தட்டினேன். மெல்லிய ஒரு முணுமுணுப்பு. இரும்பைத் தட்டினேன், மந்தமான ஒரு சத்தம். இரண்டையும் சேர்த்தபோது, திண்ணையில் படுத்திருந்த பேரக்குழந்தை தலையைத் தூக்கிப் பார்த்தது. அத்தாளத்தை எனக்குத் தர அவர் முன்வந்தார். நான் வாங்கவில்லை. அக்குழந்தைக்கு உரியது அது.

இப்போதெல்லாம் பங்குகளில் பாடற்குழுவைச் சந்திக்கும்போது முதலில் தாளம் போடுபவர் யார் என்று கேட்கிறேன். கைத்தாளமோ டிரம் செட்டோ எதுவாயினும், அவர் பெயரைத் தெரிந்துகொண்டே பீடம் ஏறுகிறேன். கொரிந்தியர் திருமுகத்தின் அப்பகுதி வாசகமாக வரும் நாளில் தாளத்தைப் பற்றி நான் நகைச்சுவை ஏதும் சொல்வதில்லை. எஃகும் வெண்கலமும்போல ஒன்றுக்கொன்று ஒவ்வாத நாம் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறோம் என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிடுகிறேன். வேறு வேறாக இருந்தால்தான் பேசிக்கொள்ள முடியும் என்று எனக்குச் சொன்னவர், எந்தக் குருமடத்திலும் படிக்காத ஒரு தாளக்காரர்.